விமானப் படத்தில் நமது கண்மாய்

மலையிலே மழை பொழிகிறது. ஓடையிலே வெள்ளம் புரண்டு ஓடுகிறது. ஆனால் ஊர்க் கண்மாய் மட்டும் நிறைவதில்லை. கிராம சபைக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. கரையை உயர்த்துகிறோம், உள்வாயில் மண்ணெடுக்கிறோம், மடைக்குப் புதிய கதவு பொருத்துகிறோம். அடுத்த ஐப்பசியிலும் அதே முறையீடு எழுகிறது. இதற்குக் காரணம் என்ன? பெரும்பாலும் குறை கண்மாயில் இல்லை. கண்மாய்க்கு நீர் கொண்டுவந்த வழியில்தான் இருக்கிறது. அவ்வழி தூர்ந்திருக்கலாம், சாலையால் அடைபட்டிருக்கலாம், வயலோடு வயலாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம்.

அவ்வழி எங்கே சென்றது என்பதை அறிந்த முதியோர் ஊர்தோறும் குறைந்து வருகின்றனர். இருப்போருள்ளும் ஒருவர் வடக்கென்றும் மற்றொருவர் மேற்கென்றும் கூறுவதுண்டு. இத்தகைய நேரத்தில், ஊரின் எந்தப் பக்கத்தையும் சேராத சாட்சி ஒன்று நமக்குத் தேவைப்படுகிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வானிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படம் அத்தகைய சாட்சியாகும். அதனை எங்கே பெறுவது, எவ்வாறு வாசிப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பனவற்றைத் தேனி வட்டாரத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

வானிலிருந்து படமெடுத்த வரலாறு

விமானம் பிறப்பதற்கு முன்பே மனிதன் வானிலிருந்து படமெடுக்கத் தொடங்கிவிட்டான். 1858ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் நாதார் என்பவர் பாரிஸ் நகருக்கு அருகே பலூனில் ஏறிப் படமெடுத்தார். அப்படம் இன்று கிடைக்கவில்லை. 1860ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரைப் பலூனிலிருந்து ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்த படமே இன்று எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழையது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் சான் பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தபோது, ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் பட்டங்களின் துணையால் கேமராவை உயர்த்தி, இடிந்து கிடந்த நகரம் முழுவதையும் ஒரே படத்தில் காட்டினார். முதல் உலகப் போரில் இக்கலை விமானத்தின் துணையோடு விரைந்து வளர்ந்தது.

போர் முடிந்தபின் அது அமைதிப் பணிகளுக்கும் வந்து சேர்ந்தது. 1924ஆம் ஆண்டில் பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுகக் காடுகள் விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டன. கால்வைக்க இயலாத சதுப்புக் காடுகளை வானிலிருந்து அளப்பது எளிதாயிற்று. நமது நாட்டில் 1767ஆம் ஆண்டு தோன்றிய இந்திய நில அளவைத் துறை, பிற்காலத்தில் விமானப் படங்களைக் கொண்டே நாடெங்கும் வரைபடத் தாள்களைத் திருத்தி அமைத்தது.

விமானப் படம் வேளாண்மைக்கும் உதவும் என்பதை நமக்கு அண்டையிலுள்ள கேரளமே காட்டியது. அங்கே தென்னையை வேர்வாடல் நோய் தாக்கிவந்தது. 1970ஆம் ஆண்டையொட்டி, பி. ஆர். பிஷாரடி என்ற அறிவியலறிஞரின் தலைமையில், ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புக் கதிரை உணரும் பிலிமில் தென்னந்தோப்புகள் படமெடுக்கப்பட்டன. நலமுள்ள ஓலையும் நோயுற்ற ஓலையும் அப்படத்தில் வெவ்வேறு நிறம் காட்டின. இந்தியாவின் தொலையுணர்வுத் துறைக்கு இச்சோதனையே தொடக்கம் என்பர்.

விமானப் படங்கள் நெடுங்காலம் நாட்டுப் பாதுகாப்பைக் கருதிக் கட்டுப்பாட்டில் இருந்தன. பொதுமக்கள் அவற்றைப் பெறுவது அரிதாயிருந்தது. இரண்டு நிகழ்ச்சிகள் இந்நிலையை மாற்றின. முதலாவது, அமெரிக்க அரசு 1960ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை ‘கொரோனா’ என்னும் உளவுச் செயற்கைக்கோள்களால் எடுத்த எட்டு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை 1995ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். அச்செயற்கைக்கோள்கள் பிலிம் சுருளைக் குடுவையில் இட்டுப் பாராசூட் மூலம் கீழே அனுப்பின. இறங்கிவரும் குடுவையை விமானம் நடுவானிலேயே பற்றிக்கொண்டது. பகை நாடுகளை வேவு பார்க்க எடுத்த அந்தப் பிலிமில், உலகெங்குமுள்ள உழவர்களின் குளங்களும் வயல்களும் ஓடைகளும் தற்செயலாகப் பதிந்துவிட்டன. இரண்டாவது, நமது ஒன்றிய அரசு 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் வரைபடங்கள் பற்றிய பழைய கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியதாகும்.

படத்தின் அளவுத்திட்டம்

படத்தை வாசிக்கப் புகுமுன் அதன் அளவுத்திட்டத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். கணக்கு எளியது. கேமரா லென்சின் குவியத்தூரம் 15 சென்டிமீட்டர் என்றும், விமானம் தரைக்கு மேலே 6,000 மீட்டர் உயரத்தில் பறந்தது என்றும் கொள்வோம். உயரத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் 40,000 கிடைக்கும். அஃதாவது, படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 400 மீட்டர். விமானப் படம் வழக்கமாக 23 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமாக இருக்கும். ஆகவே ஒரே படத்தில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமும் அதே அகலமும் உள்ள நிலப்பரப்பு அடங்கிவிடும். பல சிற்றூர்களை ஒருங்கே காணலாம்.

40 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாய் அப்படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சதுரம். சுண்டுவிரல் நகத்தின் அளவு. அதற்கு நீர் கொண்டுவரும் இரண்டு மீட்டர் அகல வரத்துக்கால்வாயோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்காகவே இருக்கும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதும் பெரும்பாலும் நாம் காண்பது கால்வாயை அன்று. அதன் கரையில் வளர்ந்த மர வரிசையையும், அதன் ஈரத்தால் கறுத்த மண்ணையுமே காண்கிறோம். இவ்வுண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இதனை மறந்ததால் நேர்ந்த பிழை ஒன்றைப் பின்னர்க் கூறுவேன்.

மேலும், விமானப் படம் வரைபடம் ஆகாது. நமது பள்ளத்தாக்கில் இது மிகவும் முக்கியமானது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 6,000 மீட்டர் மேலே பறக்கும் விமானம், 1,200 மீட்டர் உயரமுள்ள மலைச்சரிவுக்கு 4,800 மீட்டர் மேலேதான் பறக்கிறது. அங்கே அளவுத்திட்டம் 40,000இல் ஒன்று என்பது 32,000இல் ஒன்று என மாறிவிடும். தரையில் உள்ள ஓர் ஏக்கரைவிட மலைமேல் உள்ள ஓர் ஏக்கர் படத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகத் தோன்றும். ஆகவே, திருத்தப்படாத படத்தின்மீது அடிக்கோல் வைத்து ஏக்கர் கணக்குச் சொல்வது தவறு.

வானிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. இடையே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் வந்தது. அன்று முதல், லோயர் கேம்ப் தொடங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பழனிசெட்டிபட்டி வரை ஆற்றின் இருமருங்கிலும் இருபோக நெல் வயல்கள் செழித்தன. இவ்விருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர் ஆகும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீர்பாய்ந்த நெல்வயல் கரிய நிறமாகவும், காய்ந்த புன்செய் வெளிர் நிறமாகவும் தோன்றும். ஆகவே வானிலிருந்து எடுத்த படத்தில் இவ்வாயக்கட்டு, வெளிறிய துணியில் தைத்த கரிய கரைபோலத் தெரியும்.

அந்தக் கரைக்கு வெளியே இருக்கும் ஊர்களே நமது கவலைக்கு உரியவை. மலையடிவாரத்து மானாவாரி நிலங்களுக்கும், காட்டோடையை நம்பிய சிறு கண்மாய்களுக்கும், அவற்றின் ஊற்றால் உயிர்வாழும் கிணறுகளுக்கும் பெரியாற்று நீர் எல்லா இடத்திலும் எட்டவில்லை. 18ஆம் கால்வாய் போன்ற பணிகள் சில கண்மாய்களுக்கு நீர் தந்துள்ளன. மற்றவை இன்றும் மழையையும் வரத்துக்கால்வாயையுமே நம்பி நிற்கின்றன. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைப் பந்தல்களுக்கும் கிணற்று நீர் வேண்டும். கிணற்றில் நீர் ஊறக் கண்மாயில் நீர் நிற்க வேண்டும்.

ஊர்கள் நகரமாகும் இடங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. தேனி இன்று மாவட்டத் தலைநகரம். அல்லிநகரம் போன்ற பழைய ஊர்களும் வயல்களும் இன்று ஒரே நகரமாய் இணைந்துவிட்டன. நகரின் பக்கத்திலேயே மீறுசமுத்திரம் கண்மாய் இருக்கிறது. நெடுஞ்சாலைகளின் இருபுறமும் வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறி வருகின்றன. மனைப்பிரிவுக்குக் கல் நடும்போது, அங்கே முன்பு நீர் சென்ற வழி எது என்று கேட்பார் எத்தனை பேர்?

இவ்வினாவைக் கேளாது விட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னையைப் பார்த்து அறியலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920களில் அதன் நிலத்தில் தியாகராய நகர் எழத் தொடங்கியது. 1976ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப் பரப்பிலேயே நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ‘ஏரி காணும் சாலை’ என்னும் பொருள்படும் லேக் வியூ ரோடு இன்றும் உள்ளது; அச்சாலையிலிருந்து காண ஏரிதான் இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் நகரை அடுத்தவை யாவும் இத்தகைய நிலையை எதிர்நோக்கியே இருக்கின்றன.

படத்தை வாசிக்கும் முறை

முதலில், படத்தை எப்படிப் பிடிப்பது என்பதைக் கற்க வேண்டும். நமது நாட்டில் கதிரவன் பெரும்பாலான மாதங்களில் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். வடதிசை மேலே இருக்குமாறு படத்தைப் பிடித்தால், நிழல் நம்மைவிட்டு அப்பால் விழுவதாகத் தெரியும். அப்போது கண் ஏமாந்து, மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தோன்றும். எனவே நிழல் நம்மை நோக்கி விழுமாறு படத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுதல் நலம். அடுத்தடுத்த இரு படங்கள் நூற்றுக்கு அறுபது பங்கு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு எடுக்கப்பட்டிருக்கும். அவ்விரண்டையும் ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவியில் வைத்து இரு கண்களாலும் நோக்கினால், மேடும் பள்ளமும் உருவம் பெற்று எழுந்து நிற்கும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடும் என்பதால், கால்வாயைத் தேடுவோருக்கு இது பெருந்துணை.

அடுத்து, பொருள்களை அடையாளம் காணும் குறிகளைக் கூறுவோம்.

(1) கண்மாய்: பள்ளமான பக்கத்தில் கரை வில்போல வளைந்து தெளிவாகத் தெரியும், உள்வாய்ப் பக்கம் ஒழுங்கற்ற விளிம்பாக இருக்கும். வானம் தெளிந்த வறண்ட மாதங்களிலேயே படங்கள் பெரும்பாலும் எடுக்கப்படும். ஆகவே நீர் இல்லாமை கொண்டு அது கண்மாய் அன்று என்று முடிவு செய்தல் கூடாது. கரையைப் பார்க்க வேண்டும்.

(2) ஓடை: மரக்கிளைகள் அடிமரத்தில் சேர்வதுபோலச் சிற்றோடைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். மணற்பாங்கான படுகை வெண்மையாகத் தெரியும்.

(3) வரத்துக்கால்வாய்: நிலத்தின் சாய்வை அனுசரித்து மெல்ல வளைந்து செல்லும். ஓரத்தில் மர வரிசையும் கரிய ஈரக்கோடும் காணப்படும். ஒரு முனை ஓடையிலும் மறுமுனை கண்மாய் உள்வாயிலும் முடியும்.

(4) வண்டிப்பாதை: வெண்மையாய், பளிச்சென்று, ஊருக்கும் ஊருக்கும் இடையே ஏறக்குறைய நேராகச் செல்லும். மேட்டையும் தாண்டும். நீர் மேட்டைத் தாண்டாது.

(5) கிணறு: சிறு கரும்புள்ளியாகவும், பக்கத்தில் தோண்டிப் போட்ட மண் வெளிர்நிறத் திட்டாகவும் தெரியும்.

இவற்றோடு படத்தின் வயதையும் அறிதல் வேண்டும். நாள் குறிப்பிடப்படாத படமானால், நமது மாவட்டத்திலேயே நல்ல அடையாளங்கள் உள்ளன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. வைகை அணை 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அணையின் விரிந்த நீர்ப்பரப்பு படத்தில் உண்டா, இல்லையா என்று பார்த்தாலே அப்படம் அவ்வாண்டுக்கு முந்தியதா, பிந்தியதா என்பது ஓரளவு விளங்கிவிடும்.

நான் செய்த பிழை

இக்குறிகளை இன்று ஒழுங்காக எழுதுகிறேன். ஆயினும் இவற்றை நான் கற்றது ஒரு பிழையின் வாயிலாகவே. பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில் கண்மாய் ஒன்று ஆண்டுக்கணக்கில் நிறையாது கிடந்தது. அரசுத் திட்ட நிதியில் இருமுறை மண்ணெடுத்தும் பயனில்லை. அப்போது 1960களில் எடுக்கப்பட்ட பழைய படம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதனைப் பெரிதாக அச்சிட்டுப் பார்த்தேன். மேற்கேயிருந்து கண்மாயை நோக்கி வெள்ளைக் கோடு ஒன்று நேராக வந்தது. இதுவே வரத்துக்கால்வாய் என்று மகிழ்ந்தேன்.

அக்கோடு சென்ற இடத்தில் இப்போது இரு சிறு விவசாயிகளின் நிலம் இருந்தது. ஒருவர் அதில் கிணறு வெட்டி, கடன் வாங்கித் தென்னை வைத்திருந்தார். கால்வாயை மறித்து நிலத்தில் சேர்த்துக்கொண்டனர் என்ற பேச்சு ஊரில் எழுந்தது. நானும் அதனை மறுக்கவில்லை. அளந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்று கூறினேன். அவ்விருவரும் கிராம சபையில் தலை குனிந்து அமர்ந்திருந்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அக்கூட்டத்தில் படத்தை மேசைமீது விரித்து வைத்திருந்தோம். அக்கண்மாய்க்கு முன்பு நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளைக் கோட்டின்மேல் விரலை வைத்து, “ஐயா, இது தண்ணி வந்த வழியில்லை; மாடு வந்த வழி. மலையடிக்கு மேய்ச்சலுக்குப் பத்திக்கிட்டுப் போவோம்” என்றார். அதன்பின் வடக்கே, வளைந்து நெளிந்து வந்த ஒரு மெல்லிய கரிய கோட்டைத் தொட்டு, “பனை வரிசை தெரியுதுல்ல, இதுதான் கால்வா” என்றார். நான் அக்கோட்டைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்த பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்து ஒப்பிட்டோம். பெரியவர் காட்டிய இடத்திலேயே கால்வாய்ப் புறம்போக்கு எனச் சர்வே எண் இருந்தது. நேரில் சென்று பார்த்தபோது நான்கைந்து பனைகளும் சீமைக் கருவேலப் புதரும் நின்றன. அதன் குறுக்கே பல ஆண்டுகளுக்கு முன்பு உயர்த்திப் போடப்பட்ட சாலை ஒன்று சென்றது. சாலைக்கு அடியில் நீர் செல்லச் சிறுபாலமோ குழாயோ இல்லை. கால்வாயை அடைத்தவர் எந்த விவசாயியும் அல்லர். ஊருக்கு நன்மை செய்வதாக எண்ணிப் போட்ட சாலையே அதனை அடைத்தது.

சிறுபாலம் கட்டிக் கால்வாயைத் தூர் வாரினோம். அடுத்த வடகிழக்குப் பருவத்தில் கண்மாய் முழுதும் நிறைந்துவிட்டது என்று கூறமாட்டேன். பாதியளவு நீர் வந்தது. கரையடிக் கிணறுகளில் மட்டம் ஏறியது. அவ்விரு விவசாயிகளின் வீட்டுக்கும் சென்று, நான் அவசரப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தேன். படத்தை மட்டும் நம்பி அளவுக்கல் நட்டிருந்தோமானால், குற்றமற்ற இரு குடும்பங்களுக்குத் துன்பம் விளைந்திருக்கும். கண்மாய்க்கு ஒரு சொட்டு நீரும் வந்திராது.

படமும் பதிவேடும்

ஆகவே, பழைய படத்தின் மதிப்பு என்ன என்பதைத் தெளிவாக உணர்தல் வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில் நிலம் எவ்வாறு இருந்தது என்பதற்கு அது சாட்சி. நிலம் யாருக்கு உரியது என்பதற்கு அது சாட்சி ஆகாது. விமானப் படம் பட்டா ஆகாது. உரிமையைக் கூறுவன ‘அ’ பதிவேடு, புல வரைபடம், கிராம வரைபடம் ஆகிய வருவாய்த் துறை ஆவணங்களே. எல்லையை வரையறுக்கும் அதிகாரமும் அத்துறைக்கே உண்டு.

பொது நீர்நிலைகளைக் காக்கும் கடமையைச் சட்டமும் நீதிமன்றங்களும் வலியுறுத்தியுள்ளன. 2005ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், எல். கிருஷ்ணன் வழக்கில், மாநிலத்திலுள்ள நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. 2007ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களை மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. எதுவாயினும், அளவிடுதல், அறிவிப்புக் கொடுத்தல், உரியவர் கூறுவதைக் கேட்டல் ஆகிய படிகளைத் தாண்டிக் குதிப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். படத்தை விரித்து வைத்தால் ஏழையின் இரண்டு சென்ட் நிலமும் தெரியும். வசதியுள்ளவரின் தோப்பும் மனைப்பிரிவும் தெரியும். அரசுத் துறைகள் எழுப்பிய கட்டடமும் சாலையும் தெரியும். முதலாவதை மட்டும் கண்டு மற்றவற்றைக் காணாததுபோல் இருப்போமானால் படத்தினால் பயனில்லை. ஊராரின் நம்பிக்கையும் போய்விடும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இனி, ஓர் ஊராட்சி இப்பணியை எவ்வாறு தொடங்கலாம் என்பதைக் காண்போம்.

(1) இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாளைப் பெறுக. பழைய வரிசையில் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகள் 58 ஜி என்னும் எண்ணிலும், ஏறத்தாழப் பத்தாவது அட்சக்கோட்டில் உள்ள தேனி நகரமும் அதற்கு வடக்கேயுள்ள பகுதிகளும் 58 எஃப் என்னும் எண்ணிலும் அடங்கும்.

(2) கொரோனா படங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் என்னும் இணையத்தளத்தில் ஊரின் இருப்பிடத்தைக் குறித்துத் தேடலாம். முன்பே கணினி நகலாக்கப்பட்டவை இலவசமாகக் கிடைக்கும். பிறவற்றுக்குக் கட்டணம் உண்டு. மேகம் மறைத்த படங்களும் ஓரங்களில் உருத்திரிந்த படங்களும் அவற்றில் இருக்கும். பொறுமையோடு தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

(3) அண்மைக் கால நிலையை அறிய இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய புவன் இணையத்தளமும், கூகுள் எர்த் காட்டும் பழைய ஆண்டுப் படங்களும் உதவும். கணினியில் தேர்ந்த ஊர் இளைஞர்களை இப்பணியில் ஈடுபடுத்தலாம். புவியியல் துறையுள்ள கல்லூரிகளின் துணையையும் நாடலாம்.

(4) படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதன் அருகே கிராம வரைபடத்தையும் வைத்து, நீர்பாய்ச்சிகள், ஆடுமாடு மேய்த்தோர், களையெடுக்கவும் நாற்று நடவும் சென்ற பெண்கள் ஆகியோரை அழைத்துக் கேட்க வேண்டும். எந்த வரப்பில் கால் நனையும், எந்த இடத்தில் நீர் தேங்கும் என்பதைப் பெண்கள் நன்கறிவர்.

(5) மூன்றும் ஒத்துவந்த இடத்தை மட்டுமே பட்டியலில் சேர்க்க வேண்டும். படம், பதிவேடு, முதியோர் வாக்கு ஆகிய மூன்றில் ஒன்று மாறுபட்டாலும், நேரில் நடந்து பார்த்து, நில அளவரைக் கொண்டு அளந்தபின்பே முடிவு செய்ய வேண்டும்.

(6) முதலில் எவருடைய நிலத்தையும் தொடாத பணிகளைச் செய்க. சாலைக்கு அடியில் சிறுபாலம், புறம்போக்கில் தூர் வாருதல், புதர் நீக்குதல் முதலியவற்றால் பல கண்மாய்கள் நீர் பெறக்கூடும். உண்மையான ஆக்கிரமிப்பு எஞ்சினால் அதனை முறைப்படி வருவாய்த் துறைக்குத் தெரிவிக்கலாம்.

உலக நீர் நாளான மார்ச் 22ஆம் நாளும் இப்போது கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்றாகும். அன்றைய கூட்டத்தில் ஊரின் பழைய படத்தை மேசைமீது விரித்து வைப்பது மிகவும் பொருத்தமாக இருக்கும். கோடை தொடங்கும் காலமாதலால், ஐப்பசி மழைக்கு முன்பு பணியை முடிக்கப் போதிய மாதங்களும் கிடைக்கும்.

தேனி மாவட்டத்தில் 130 ஊராட்சிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றின் அலுவலகச் சுவரிலும் தலைவர்களின் படங்களோடு ஊரின் பழைய வான்படம் ஒன்றும் தொங்கவேண்டும் என்பது எனது விருப்பம். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வருவோரும், புதுச் சாலைக்குக் கோடு போடும் பொறியாளரும், கண்மாயில் மண்ணெடுக்க மதிப்பீடு தயாரிப்போரும் அதன்முன் ஒருமுறை நின்று பார்த்துச் செல்லட்டும். படம் என்றும் நமக்குக் கிடைக்கும். அது பிலிமில் பதிந்து காப்பாற்றப்பட்டுவிட்டது. அதில் தெரியும் கோடு கால்வாயா, மாட்டுப் பாதையா என்று பிரித்துச் சொல்லும் பெரியவர்களோ அவ்வாறு காத்திருக்கமாட்டார்கள். அவர்களை இவ்வாண்டிலேயே அழைத்துக் கேட்போமாக.